காட்டுப்பூவரசு பூக்கும் மாதம்: நீலகிரி நாட்குறிப்பு

வியாழன் இரவு, ஊட்டி

ஒரு மரத்தைப் பார்க்க ஊட்டிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் யார் நம்புவார்கள்? ஜனவரிக் கடைசி. மலர்க்காட்சி இல்லை, சீசன் இல்லை, பள்ளி விடுமுறைகூட இல்லை. சித்தி மட்டும் கூட வந்தார். அவருக்கும் மரத்தின்மேல் பெரிய அக்கறை ஒன்றும் கிடையாது. குளிரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றாம். ஈரோட்டுக்காரர்களுக்கு இது நியாயமான காரணம்தான்.

மேட்டுப்பாளையத்தில் காலை இட்லி, கல்லாறில் இ-பாஸ் சோதனை, குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகள். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் எழுதியாகிவிட்டது.

மரத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பூவரசு. தாவரவியலில் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம், அதில் நீலகிரிக்கம் என்ற துணை இனம். சிலர் இதைத் தனி இனமாகவே வைக்கிறார்கள். ஊரில் வாய்க்கால் ஓரம் நிற்கும் பூவரசுக்கும் இதற்கும் சொந்தம் எதுவும் இல்லை. அது செம்பருத்திக் குடும்பம், இது எரிக்கேசி. பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள் நான். ஆண்டு முழுக்க ஊமத்தை, கத்தரி, அவரை என்று கரும்பலகையில் பூ வரைந்து கை ஓய்ந்த எனக்கு, பாடத்தில் வராத குடும்பம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வெள்ளி, தொட்டபெட்டா

காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் புல் முழுக்க உறைபனி. கார்களின் கண்ணாடியை ஏடிஎம் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி குனிந்து ஒரு புல்லைத் தொட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு, "இதுல எப்படிக் கண்ணு ஒரு செடி பொழைக்கும்?" என்றார். கேள்வி அவர் அறியாமலே சரியான இடத்தில் விழுந்தது.

நீலகிரியின் உச்சிகளில் இரண்டு வகை நிலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் சோலை என்ற அடர்ந்த காடு, மேட்டில் புல்வெளி. இரண்டுக்கும் நடுவில் சட்டென்று ஒரு கோடு. ஏன் இப்படி என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது இந்தப் பனி. தெளிந்த குளிர்கால இரவில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு உறைந்துபோகிறது. சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோலை மரத்தின் விதை புல்லில் விழுந்து முளைத்தாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கருகிவிடும். தப்பித்தால் கோடையில் தீ வரும். அதனால்தான் சோலை மரங்கள் கோட்டைத் தாண்டுவதில்லை. தாண்டுகிற ஒன்றிரண்டில் காட்டுப்பூவரசு ஒன்று.

2637 மீட்டர் உயரச் சிகரத்துக்குப் போகும் சாலையிலேயே முதல் மரம் கிடைத்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வேன் கூட்டம் அதன் கீழே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததால் காத்திருந்து பார்த்தோம். நல்ல காலம், யாரும் பறிக்கவில்லை.

உயரமென்று சொல்ல ஒன்றுமில்லை. மாடி வீட்டளவுக்குக்கூட வராது. இடம் நன்றாக அமைந்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் போகும், ஆனால் காற்று அடிக்கும் மேட்டில் அதில் பாதிதான். அடிமரம் நேராக இல்லை. இடுப்பளவிலேயே கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையும் முறுக்கிக்கொண்டு போய், மேலே உருண்டையான தலை. பட்டை செம்பழுப்பு, தடிமன், பிளவு பிளவாக; விரலால் அழுத்தினால் தக்கை போல் லேசாக அமுங்குகிறது.

இலைகள் கிளை நுனியில் மட்டும் கொத்தாக. நடுவில் மொட்டு, சுற்றி வட்டமாக இலை. மேற்பரப்பு கரும்பச்சை, தடிப்பு, நரம்புகள் உள்ளே பதிந்திருக்கும். விளிம்பு கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். திருப்பினால் வேறு இலை! அடிப்பக்கம் முழுக்கத் துரு நிறத்தில் அடர்ந்த ரோமம். கீழே உதிர்ந்து கிடந்த ஓர் இலையைச் சித்தியிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்து, "ஆட்டுக்குட்டி காது" என்றார். வகுப்பில் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த ரோமத்துக்கு வேலை இருக்கிறது. இலைத்துளைகள் எல்லாம் அடிப்பக்கத்தில்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே இரவில் உறைபனி, பகலில் உயர்மலை வெயில், இடைவிடாத வறண்ட காற்று. மண்ணில் ஈரம் இருந்தாலும் குளிர்ந்த வேரால் வேகமாக உறிஞ்ச முடியாது. துளைகளின் மேல் ரோமம் போர்த்தியிருந்தால் அங்கே கொஞ்சம் ஈரக்காற்று தங்கும், நீர் வெளியேறுவது குறையும். சோலைக்குள் நிழலில் நிற்கும் மரத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

சிகரத்தில் தொலைநோக்கி, பஜ்ஜி, மேகம். இறங்கிவிட்டோம்.

சனி, அவலாஞ்சி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சி. வழி முழுக்கக் கேரட், பூண்டு, உருளைக்கிழங்குப் பாத்திகள். ஓட்டி வந்தவர் எமரால்டு பக்கத்துப் படுகர் கிராமத்து இளைஞர். சித்தியை "அம்மா" என்றும் என்னை "டீச்சர்" என்றும் கூப்பிட்டார். டீச்சர் என்று நான் சொல்லவே இல்லை, பேச்சிலேயே தெரிந்துவிட்டதாம். அணைக்கட்டைத் தாண்டும்போது 2019 ஆகஸ்ட் மழையைப் பற்றிச் சொன்னார். அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது அப்போதுதான். எங்கள் ஈரோட்டில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். சரிவுகளில் மண் வழிந்த தழும்புகளைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

குறிப்பிட்ட இடத்துக்கு மேல் சொந்த வண்டி கிடையாது. வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். அதில் ஏறி, சோலையின் ஓரத்தில் இறங்கினோம். முதலில் சோலைக்குள் எட்டிப் பார்த்தேன். பாசி போர்த்திய மரங்கள், கிளையிலிருந்து தொங்கும் வெளிர்பச்சை மரப்பாசி, தரையில் ஈரச் சருகு. விக்கி மரத்தின் உதிரப்போகும் இலைகள் மட்டும் அங்கங்கே நல்ல சிவப்பு. வெளியே திரும்பினால் பழுப்புப் புல், வெயில். நடுக்கோட்டில் வரிசையாக, பூத்துக் குலுங்கி, காட்டுப்பூவரசு.

படத்தில் பார்த்திருக்கிறேன். இந்தச் சிவப்பு படத்தில் வருவதில்லை.

பறிக்கக் கூடாது, பறிக்கத் தேவையும் இல்லை. மரத்தடியில் பூக்கள் முழுதாக விழுந்து கிடந்தன. இதழ்கள் தனித்தனியாக உதிராமல் மணி வடிவிலேயே கழன்று விழுவதற்குக் காரணம், ஐந்து இதழும் ஒன்றாக இணைந்திருப்பதுதான். நுனியில் மட்டும் ஐந்து மடல். மணியின் அடியில் வெளிப்பக்கம் பார்த்தால் ஐந்து சிறு புடைப்புகள், உள்ளே இன்னும் இருண்ட சிவப்பு. அவைதான் தேன்பைகள். புல்லிவட்டம் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சிறியது. மகரந்தத்தாள்கள் பத்து, எல்லாம் ஒரே நீளம் இல்லை. கிளையில் நிற்கும் கொத்தில், மணி கழன்ற பிறகும் ரோமம் மூடிய சூற்பையும் நீண்ட சூல்தண்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. வாசனை? சித்தி மூன்று பூவை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிடையாது.

பறவையை நம்பி வாழும் பூவின் இலக்கணம் இது. சிவப்பு நிறம் இருக்கும், நிறையத் தேன் இருக்கும், மணம் இருக்காது. பறவைக்கு மூக்கு பெரிதாகத் தேவையில்லை, கண் போதும். நாங்கள் நின்றிருந்தபோதே வெள்ளைக்கண்ணிகள் ஒரு கூட்டமாக வந்து கொத்துக் கொத்தாகத் தலையை உள்ளே விட்டு எடுத்தன. நீலகிரிச் சிரிப்பான் ஒன்று புதருக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கொடுத்தது. உலகத்தில் இந்த மலையைச் சுற்றி மட்டுமே வாழும் பறவை. முகம் காட்ட மறுத்துவிட்டது.

இப்போது என் பங்குக்கு ஒரு வித்தை. கத்தரிப்பூவின் மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்காது, நுனியில் துளை வழியாகத்தான் தூளை விடும் என்று ஆண்டுதோறும் சொல்லித்தருகிறேன். இதிலும் அதே துளைதான். ஆனால் உள்ளே இருப்பது உதிரித் தூள் இல்லை. மகரந்தத்துகள்கள் நான்கு நான்காக ஒட்டியிருக்கும். அந்த நான்மைகளை ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய நூல்கள் பிணைத்திருக்கும். சித்தியின் கொண்டையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, விழுந்த பூவின் மகரந்தப்பைத் துளையைத் தொட்டு மெல்ல இழுத்தேன். வெளிர்நிறச் சரம் ஒன்று நீண்டு வந்தது. ஒரு குருவியின் நெற்றி ஒருமுறை உரசினால் இத்தனையும் சேர்ந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். சூற்பைக்குள் சூல்கள் ஏராளம் என்பதால், ஒரே வருகையில் மொத்தமாகக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்.

"அட, நூல் வருது!" என்று சித்தி அந்த ஹேர்பின்னைப் பிடுங்கி இன்னும் நாலு பூவில் இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமும் சேர்ந்துகொண்டது. எனக்கு வகுப்பு எடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் விடுவேனா?

அடுத்த கேள்வியும் சித்தியிடமிருந்துதான். "இதத் திங்கலாமா?"

பாதி ஆமாம், பாதி இல்லை. இதே இனம் இமயமலையில் வளர்கிறது. உத்தராகண்ட்டின் மாநில மரம், நேபாளத்தின் தேசிய மலர். அங்கே இதழ்களில் சர்பத் செய்கிறார்கள், துவையல் அரைக்கிறார்கள். ஆனால் ரோடோடென்ட்ரான் பேரினத்தில் பல இனங்களில் கிரையானோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. இலையைத் தின்ற ஆடு மாடு நுரை தள்ளும். துருக்கியின் கருங்கடல் கரையில் வேறு இரண்டு இனங்களின் பூவிலிருந்து எடுத்த தேன் ஆளைக் கிறங்கடிக்கும், கி.மு. 401-ல் அந்தப் பக்கம் போன கிரேக்கப் படை ஒன்று தேனைத் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது என்று அந்தப் படையில் இருந்தவரே எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

இமயமலை என்றேனே, அதுதான் இந்த மரத்தின் பெரிய புதிர். இந்த ஒரே இனம் இமயத்தில் இருக்கிறது, நாகாலாந்து மலைகளில் இருக்கிறது. பிறகு ஏறக்குறைய 2000 கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லை. மறுபடி நீலகிரி, ஆனைமலை, பழனிமலை. கடலைத் தாண்டி இலங்கையின் உயர்மலைகளிலும் ஒரு துணை இனம். நீலகிரி மரத்துக்கு 1830களில் பெயர் வைத்தவர் சென்கர் என்ற செருமானியர். நீலகிரிக்கு வந்த ஒரு பாதிரியார் சேகரித்து அனுப்பிய செடிகளை வைத்துத்தான் அவர் எழுதினார்.

நடுவில் இருந்த கண்ணி எங்கே போயிற்று? பனியுகத்தில் நாடு முழுக்கக் குளிர்ந்திருந்தபோது இடைப்பட்ட மலைகளிலும் இது வளர்ந்திருக்கும், வெப்பம் ஏற ஏற மேட்டில் மட்டும் மிஞ்சியது என்பது ஒரு விளக்கம். 1940களில் மீன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா, சாத்பூரா மலைத்தொடர்தான் இமயத்து உயிரினங்கள் தெற்கே வந்த பாதை என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தகைய உறவுக்கதைகளில் ஜாக்கிரதை தேவை: வரையாட்டையும் இமயத்துத் தார் ஆட்டின் தம்பி என்றே நெடுநாள் வைத்திருந்தார்கள், மரபணுவைப் பார்த்தால் அது செம்மறிக்கு நெருக்கமாக வந்து நின்றது. இந்த மரத்தின் விஷயத்தில் உறவு பொய்யில்லை, வழிதான் விவாதம்.

திரும்பும்போது மழைத்தூறல். எமரால்டில் டீயும் வர்க்கியும்.

ஞாயிறு, எமரால்டு பக்கம்

ஓட்டுநர் தம்பி தன் ஊருக்கு மேலே இருக்கும் புல்மேட்டுக்குக் கூட்டிப்போனார். "அங்க ஒரே ஒரு மரம் நிக்குது டீச்சர். எங்க தாத்தா காலத்துலயும் அதே சைஸ்தானாம்."

ஏறும் வழியில் இரண்டு பக்கமும் சீகை. சீயக்காய் இல்லை, வாட்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று புல்வெளிகளில் நட்டார்கள். புல்வெளியை வெள்ளைக்காரன் வெற்று நிலம் என்று கணக்கெழுதினான், நாமும் பின்னால் அதையே தொடர்ந்தோம். சீகை வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடந்து, தீ பட்டதும் கொத்தாக முளைக்கும். உள்ளே நடந்தால் புல் இல்லை, பூ இல்லை, கால் வைக்கும் இடமெல்லாம் சீகைக் கன்று.

இந்தப் புல்வெளி நேற்று முளைத்ததில்லை. நீலகிரியின் கரிச்சேற்று மண்ணைத் தோண்டி, அதில் புல்லும் மரமும் விட்டுச்சென்ற கார்பன் வகைகளை அளந்து, சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட கட்டுரை 20,000 ஆண்டுக் கதையைச் சொல்கிறது: காலநிலை வறண்டபோது புல் ஏறியிருக்கிறது, ஈரம் கூடியபோது மரம் ஏறியிருக்கிறது. மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியதுதான் புல்வெளி என்ற பேச்சு இதோடு ஒத்துவரவில்லை.

மேட்டில் அந்த ஒற்றை மரம். சுற்றிலும் புல். அடிமரத்தில் ஒரு பக்கம் இடுப்புயரத்துக்குக் கரி. ஏதோ ஒரு கோடையில் தீ வந்துபோயிருக்கிறது. தலை முழுக்கப் பூ. தொட்டபெட்டாவில் அமுக்கிப் பார்த்த அந்தத் தக்கைப் பட்டையின் வேலை இங்கேதான் புரிகிறது. புல் தீ வேகமாக ஓடும், ஓரிடத்தில் நிற்காது. அந்தச் சில நிமிட வெப்பம் உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்துக்குப் போகாமல் பட்டை தாங்கினால் போதும். சோலை மரத்தின் மெல்லிய பட்டையால் இது ஆகாது.

போன வருடக் காய்கள் இன்னும் கிளையில் இருந்தன: மரக்கட்டையாகக் காய்ந்து, நீளவாக்கில் வெடித்து, காலியாக. ஒன்றிரண்டில் மிச்சம் இருந்த விதையை உள்ளங்கையில் தட்டினேன். தூசி. மூச்சு விட்டால் பறந்துவிடும். இவ்வளவு சிறிய விதையில் சேமிப்பு உணவு எங்கே இருக்கும்? அதனால் முளைத்த அன்றைக்கே வெளிச்சம் வேண்டும். சருகு மூடிய தரையும் ஆகாது, அடர்ந்த புல்லும் ஆகாது. பாசி படிந்த பாறை இடுக்கு, ஈரமான வெற்று மண், இப்படி ஏதாவது கிடைக்க வேண்டும். இறங்கும்போது சாலைக்கு வெட்டிய மண்சுவரில் கட்டைவிரல் உயரக் கன்றுகள் நாலைந்தைத் தம்பிதான் கண்டுபிடித்தார். அடியைத் திருப்பினால் அந்த இத்தனூண்டு இலையிலும் ரோமம்.

சீகை நிழலுக்குள் நான் தேடிய வரை ஒரு கன்றும் இல்லை. என் எரிச்சல் இதுதான். மலையைக் காப்பாற்றுகிறோம் என்று மழைக்காலம் வந்தால் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேட்டுப் புல்வெளியில் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோலை மரக் கன்றாகவே இருந்தாலும் அங்கே அது தப்பான இடம். புல்லை மூடினால் வரையாட்டுக்கு மேய்ச்சல் போகும் என்பது வரை எல்லாருக்கும் தெரியும். கூடவே, புல்லும் சோலையும் சந்திக்கும் வெளிச்சமான ஓரத்தையே வீடாகக் கொண்ட இந்த மரமும் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. இதைச் சித்தியிடம் சொன்னபோது, "மரம் நடாதேன்னு ஒரு டீச்சரே சொல்றா பாரு" என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார். இங்கே நடாதீர்கள் என்கிறேன் சித்தி, ஈரோட்டில் நடுங்கள்.

திங்கள், ஊட்டி, ஊருக்குக் கிளம்பும் முன்

தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கியது. நான் பெரணிகளைப் பார்க்கப் போய்விட்டேன், சித்தி தொட்டிச் செடிகளிடம் நின்றுவிட்டார். திரும்பி வந்தால், "இது உன்ற மரத்துக்குத் தங்கச்சியா?" என்கிறார். அசேலியா! அதுவும் ரோடோடென்ட்ரான் பேரினமேதான். எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், கீழே விழுந்த பூவில் ஹேர்பின்னை விட்டுப் பார்த்தாராம். நூல் வந்ததாம். என் மாணவர்களில் எத்தனை பேர் இப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

காட்டுப்பூவரசை ஈரோட்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. புளிப்பு மண் வேண்டும், குளிர்ந்த இரவு வேண்டும். எரிக்கேசிக் குடும்பத்தின் மயிரிழை வேர்களுக்குள் தனிவகைப் பூஞ்சைகள் குடியிருந்து, சத்தற்ற மலைமண்ணிலிருந்து நைட்ரசனை எடுத்துக் கொடுக்கின்றன. சுண்ணாம்பு கலந்த நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பட்டாலே இலை மஞ்சளாகிவிடும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள், சில மரங்கள் முன்னே பின்னே பூக்கும். மெனக்கெட முடியாதவர்களுக்குத் தொட்டபெட்டா சாலையே போதும். அவலாஞ்சிக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், வார இறுதியில் வனத்துறை வண்டிக்கு வரிசை நீளம். முக்குருத்தி, மேல்பவானி பக்கமெல்லாம் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. இ-பாஸை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது, ஹேர்பின் கட்டாயம். மரத்தில் இருப்பதைத் தொடாதீர்கள், தரையில் வேண்டிய அளவு கிடக்கிறது.